கறுப்புத் திரையா, கலர் படமா?

வானகரத்திலிருந்து அம்பத்தூர் போகிற சாலையில் ஒரு லாரி உதிரிபாகக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி. டாலி அதில்தான், ஜிஎஸ்டி பில்லும் அதில்தான். மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போய்விட்டு வருகிறது. யூபிஎஸ் பேட்டரி போன வருஷமே உயிரை விட்டுவிட்டது, புதுசு வாங்க இன்னும் மனசு வரவில்லை. கணக்கு எழுதும் பெண் மறுபடி பட்டனை அழுத்துகிறார். திரையில் அழகாக ஒரு லோகோ வருகிறது. அதற்குக் கீழே புள்ளிகள் சுற்ற ஆரம்பிக்கின்றன. சுற்றுகின்றன... சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

"என்னம்மா, இன்னும் வரலையா?"

"லோகோ வந்துச்சு சார். அப்படியே சுத்திக்கிட்டு இருக்கு."

"ஆஃப் பண்ணிட்டு திரும்பப் போடு."

ஆஃப் செய்து போட்டால் திரும்பவும் அதே லோகோ, அதே புள்ளிகள். நாலு தடவை இப்படி ஆன பிறகு சர்வீஸ் பையனுக்குப் போன் போகிறது. அவர் வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் அவுட்டுண்ணா. மாத்தணும்" என்கிறார்.

போயிருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கரண்ட் திடீரென்று போனதால் கணினி தன் வட்டை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு இருந்திருக்கவும் கூடும். கால் மணி நேரம் சும்மா விட்டிருந்தால் தானாகவே எழுந்திருக்கும். நடுவில் நாலு முறை ஆஃப் செய்ததில்தான் உண்மையிலேயே கெட்டுப்போனதோ என்னவோ! இதில் எது நடந்தது என்று அங்கே இருக்கும் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது. திரையில் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லையே, எப்படித் தெரியும்?

கணினி கண் விழிக்கும் அந்த அரை நிமிடத்தில் இரண்டு விதமான திரை காட்டலாம். ஒன்று, என்னென்ன வேலை நடக்கிறது என்று வரிவரியாக எழுதிக்கொண்டே போகும் கறுப்புத் திரை. டெக்ஸ்ட் கன்சோல் என்பது இதைத்தான். இன்னொன்று, அந்த வரிகளை மறைத்து மேலே ஒரு படத்தைப் போடுவது. ஸ்பிளாஷ் ஸ்கிரீன். லினக்ஸ்காரர்கள் மத்தியில் இது இருபது வருஷத்துப் பஞ்சாயத்து. படமெல்லாம் எதற்கு, வரிகள் போதும் என்று ஒரு கட்சி. சாதாரண ஜனங்கள் அந்த வரிகளைப் பார்த்தால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சண்டையைப் பார்த்தால் இரண்டு பேருமே கவனிக்காத ஒன்று கண்ணில் படும். அந்த வரிகளுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுதத் தெரிந்த அந்தப் படமோ வாயே திறப்பதில்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. டாஸ் காலத்தில் மறைக்க ஒன்றும் கிடையாது. கணினியைப் போட்டால் கறுப்புத் திரை, சில வரிகள், கடைசியில் ஒரு கர்சர் மினுக்கிக்கொண்டு நிற்கும். விண்டோஸ் 3.1 வேண்டும் என்றால் "வின்" என்று டைப் அடித்து எண்டர் தட்ட வேண்டும். அப்புறம் 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. அடியில் டாஸ் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதன்மேல் நீல வானமும் வெள்ளை மேகமுமாக ஒரு படம் விழுந்தது. கீழே ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் படம் ஓடும்போது எஸ்கேப் பட்டனைத் தட்டினால் மேகம் கலைந்து பின்னால் ஓடும் டாஸ் வரிகள் தெரியும். படமே வேண்டாம் என்றால் எம்எஸ்டாஸ்.சிஸ் என்ற கோப்பில் "லோகோ=0" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். லோகோ.சிஸ் என்ற கோப்பு உண்மையில் ஒரு சாதாரண பிட்மேப் படம் என்று கண்டுபிடித்தவர்கள் பெயிண்ட்டில் தங்களுக்குப் பிடித்த நடிகர் படத்தை ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். ஆக, கதவு சாத்தியிருந்தாலும் பூட்டு இல்லை.

எக்ஸ்பி வந்ததும் அந்தப் பின்னணி வரிகளே காணாமல் போயின. கறுப்புத் திரையில் விண்டோஸ் லோகோ, அதற்குக் கீழே மூன்று சின்னக் கட்டங்கள் இடமிருந்து வலம் ஓடும். ஒரு தலைமுறையே அந்தக் கட்டங்கள் எத்தனை சுற்றுச் சுற்றுகின்றன என்று எண்ணிக்கொண்டு வளர்ந்தது. எத்தனை சுற்றினாலும் உள்ளே எவ்வளவு வேலை முடிந்தது என்பதற்கும் அந்த ஓட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அது வெறும் அனிமேஷன். 'இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

லினக்ஸ் பக்கம் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஆரம்பத்திலிருந்தே வரிகள்தான். ஒவ்வொரு சேவையும் தொடங்கும்போது வலது பக்கம் பச்சையில் ஓகே என்று விழும், கெட்டுப்போனால் சிவப்பில் ஃபெயில்டு. புரியாதவர்கூட பச்சை வரிகளுக்கு நடுவில் ஒரு சிவப்பு வரியைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு லினக்ஸை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை வந்தது. 2003ல் வந்த ஃபெடோரா கோர் 1ல் ரெட்ஹேட்டின் கிராஃபிக்கல் பூட். உபுண்டுவில் 2005ல் யூஸ்பிளாஷ். 2008 நவம்பரில் ஃபெடோரா 10 வந்தபோது பிளைமவுத் என்ற மென்பொருள் வந்தது. பிற்பாடு உபுண்டுவும் டெபியனும் அதையே எடுத்துக்கொண்டன. திரை மினுமினுக்காமல், லோகோவிலிருந்து லாகின் பக்கம் வரை வழுக்கிக்கொண்டு போவதுதான் அதன் பெருமை. அதிலும் எஸ்கேப் தட்டினால் படம் விலகி வரிகள் வரும்.

இந்த விஷயத்தில் பாராட்டப்பட வேண்டியது சூசே லினக்ஸ். கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளையில் "ஸ்பிளாஷ்=சைலன்ட்" என்றால் வெறும் படம். "ஸ்பிளாஷ்=வெர்போஸ்" என்றால் அந்தப் படத்தின் சட்டத்துக்குள்ளேயே வரிகளும் ஓடும். படம் மட்டும் ஓடும்போது எஃப்2 தட்டினால் வரிகள் தெரியும், அதைத் திரையிலேயே எழுதியும் காட்டினார்கள். அழகும் கெடவில்லை, விஷயமும் ஒளியவில்லை. இந்த சூசேக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு உறவு உண்டு. 2000களின் நடுவில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த நிறுவனத்தின் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார். மைக்ரோசாஃப்ட் இல்லாமல் ஒரு அரசு அலுவலகம் இயங்க முடியுமா என்று ஆச்சரியப்பட்ட காலம் அது.

அடுத்து வந்தது பாஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். (பரீட்சையில் பாஸா, ஆபீஸில் பாஸா என்று கேட்காதவர் யார்!) சீ-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை டெபியனை அடிப்படையாக வைத்துத் தயாரித்தது. முதல் வெளியீடு 2007ல். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மெனு, கோப்புறை, எழுத்துரு எல்லாம் உள்ள இயங்குதளம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து மாணவர்கள் கைக்கு வந்தது. முதல் ஆண்டு இலக்கு மட்டுமே ஒன்பது லட்சத்துக்கு மேல். லினக்ஸ் இத்தனை மாணவர்களின் வீட்டுக்குள் போனது இந்தியாவில் அபூர்வம். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோதும் தமிழக அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்தது பாஸைத்தான்.

சரி, அந்த மடிக்கணினி வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது? பெரும்பாலும் தெரிந்த கதைதான். இரண்டு இயங்குதளம் உள்ள கணினியைப் போட்டால் முதலில் வருவது கறுப்புப் பின்னணியில் ஆங்கில எழுத்தில் ஒரு பட்டியல். அம்புக்குறியை நகர்த்தித் தேர்ந்தெடுக்க வேண்டும், சில விநாடிக்குள். ப்ளஸ் ஒன் படிக்கும் பையனோ பொண்ணோ, வீட்டில் அதுதான் முதல் கணினி. "இது என்னவோ எரர் மாதிரி வருது" என்று கடைக்கு எடுத்துப் போனால் அங்கே ஃபார்மட் அடித்து விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சிடி எழுதும் காசு, போட்டுத் தரும் காசு தனி. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்ததை அழிக்க நாம் காசு கொடுத்தோம் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே எரிச்சலும்.

படக் கட்சி சொல்லும் வாதம் இங்கேதான் ஜெயிக்கிறது. கறுப்புத் திரை பயமுறுத்தும் என்பது கற்பனை இல்லை. "எழுத்துதான் உண்மை, படம் ஏமாற்று" என்று பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் ஓடும் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள். தெரியாதவருக்கு அதுவும் ஒரு படம்தான். இன்னும் சொல்லப்போனால் அசிங்கமான படம்.

அதே மடிக்கணினிக் காலத்தில்தான் மின்வெட்டும் உச்சத்தில் இருந்தது. 2012ல் சென்னையிலேயே நாளுக்கு இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் கேட்கவே வேண்டாம். மடிக்கணினிக்குப் பேட்டரி இருந்தது, தப்பித்தது. மேஜைக் கணினிகள் பாவம். கரண்ட் போகும்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். அடுத்த முறை கணினி எழும்போது அந்த அரைகுறை வேலையைச் சரிசெய்யப் பார்க்கும். அந்தக் காலத்தில் லினக்ஸில் பரவலாக இருந்த எக்ஸ்ட்3 என்ற கோப்பு முறையில் இது போதாதென்று இன்னொன்றும் உண்டு. ஏறத்தாழ முப்பது தடவை பூட் ஆனால் ஒருமுறை, இல்லை 180 நாளானால் ஒருமுறை, வட்டு முழுவதையும் சோதனை போடும். பெரிய வட்டு என்றால் கால் மணி, அரை மணி ஆகும். இத்தனையும் நடப்பது படத்துக்குப் பின்னால். முன்னால் இருப்பவருக்குத் தெரிவது லோகோ மட்டும். அவர் என்ன செய்வார்? பட்டனை ஐந்து விநாடி அமுக்கிப் பிடிப்பார். செய்யக் கூடாத ஒரே காரியம் அதுதான்!

புது லினக்ஸ்களில் இந்த முழுச் சோதனை தானாக நடப்பது குறைந்துவிட்டது. அதற்குப் பதில் வேறொன்று வந்து சேர்ந்தது. முன்பு செருகியிருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டீர்கள், ஆனால் கணினியின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம்டி அதைத் தேடிக்கொண்டு 90 விநாடி காத்திருக்கும். "எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார்" என்று தொடங்கி, எந்த வட்டு, எத்தனை விநாடி ஆகிவிட்டது என்று ஒரு வரி ஓடும். படம் மூடியிருந்தால் அந்த வரி தெரியாது. தினமும் காலையில் ஒன்றரை நிமிடம் வீண், "லினக்ஸ் ஸ்லோ" என்று கெட்ட பெயர் வேறு. அந்த வரி தெரிந்தால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு வரி எவ்வளவு பெறும் என்பதற்கு 2024 ஜூலை 19ஐ நினைத்துப் பார்க்கலாம். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நீலத் திரையில் சோகமான ஒரு முகக்குறி, கூடவே கீழே சின்ன எழுத்தில் கெட்டுப்போன கோப்பின் பெயர்: சிஎஸ்ஏஜென்ட்.சிஸ். அந்தப் பெயரைப் பார்த்தவுடனே எங்கே குற்றம் என்று பொறியாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. பெயர் இல்லாமல் முகக்குறி மட்டும் இருந்திருந்தால்?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. முதலில் குறிப்பேடு, அப்புறம் பேரேடு, அப்புறம் இருப்பாய்வு, எல்லாம் முடிந்துதான் இருப்புநிலைக் குறிப்பு. பங்குதாரர் கையில் போவது கடைசியில் உள்ளது, வழவழ தாளில் வண்ணப் படங்களோடு. அது தப்பே இல்லை. எல்லோரும் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் குறிப்பேடு இருக்க வேண்டும், தணிக்கையாளர் திறந்து பார்க்க முடிய வேண்டும். உள்ளே ஓட்டையை வைத்துக்கொண்டு வெளியே அழகு காட்டுவதற்கு ஆடிட்டிங் பாடத்தில் விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர் (மைக்ரோசாஃப்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதியும் ஆடிட் டிரெயில் கட்டாயம், அதை அணைத்துவைக்கவும் கூடாது என்று விதி வந்துவிட்டது. கணக்கு மென்பொருளுக்கு இருக்கும் அந்த ஒழுங்கை, அதைத் தூக்கிச் சுமக்கும் இயங்குதளத்திடம் எதிர்பார்ப்பது பேராசையா என்ன?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். லினக்ஸில்தான் எல்லாம் பதிவாகிறதே, லாக் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கணினி எழுந்த பிறகு படிக்கலாம். எழவே மாட்டேன் என்கிற கணினியில் லாக் எங்கே போய்ப் படிப்பது? வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டத் தெரிந்தவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

அப்படியானால் படத்தைத் தூக்கிவிட்டு எல்லோருக்கும் கறுப்புத் திரை கொடுத்துவிடலாமா? ஃப்ரீபிஎஸ்டி மாதிரி இயங்குதளங்கள் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன, யாருக்காவது படம் வேண்டுமென்றால் அவர்களாகப் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழுக்கு அது ஒத்துவராது. காரணம் கறுப்புத் திரையின் உள் அமைப்பிலேயே இருக்கிறது.

அந்தத் திரை சம அளவுக் கட்டங்களால் ஆனது, பழைய கணக்கில் 80 பத்தி, 25 வரிசை. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. லினக்ஸின் டெக்ஸ்ட் கன்சோல் எழுத்துருவில் 256 வடிவம், மிஞ்சினால் 512. ஆங்கிலத்துக்குத் தாராளம். தமிழுக்கும் 247 எழுத்துதானே, அடங்கிவிடுமே என்று தோன்றும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. யூனிகோடில் 'கெ' என்பது ககரம் முதலில், ஒற்றைக்கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் வர வேண்டும். இப்படி மாற்றி அடுக்கும் வேலை டெக்ஸ்ட் கன்சோலுக்குத் தெரியாது. அகலமும் ஒரு தொல்லை, 'ர'வும் 'ணௌ'வும் ஒரே கட்டத்தில் எப்படி உட்காரும்? "கணக்கு" என்று தமிழில் பெயர் வைத்த கோப்புறையை அந்தத் திரையில் பட்டியலிட்டால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். வாசகம் தமிழில் இருந்தாலும் வாசிக்க முடியாது. (2010ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டு, அடுக்கி மாற்றும் வேலை கிடையாது. ஆனால் அது கன்சோல் வரைக்கும் போய்ச் சேரவில்லை.)

இதை முடியவே முடியாத காரியம் என்று நினைக்க வேண்டாம். டாஸ் காலத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1984ல் கனடாவில் முனைவர் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, 1985ல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு, இவை எல்லாம் தமிழ் தெரியாத கணினித் திரையில் தமிழை எழுத வைத்தவை. அதைவிட இந்த விஷயத்துக்கு நெருக்கமானது ஜிஸ்ட் கார்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆராய்ச்சி, 1980களின் கடைசியில் புனே சீ-டாக் வழியாக விற்பனைக்கு வந்தது. கணினிக்குள் செருகும் ஒரு அட்டை. டாஸில் ஓடும் சாதாரண டெக்ஸ்ட் மென்பொருளுக்கும் திரைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இந்திய எழுத்துகளைத் தானே வரைந்து காட்டும். ஆங்கிலத்துக்காக எழுதிய டேட்டாபேஸ் மென்பொருளில் தமிழ்ப் பெயர்களை ஏற்றலாம். கறுப்புத் திரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அன்றைக்கு ஒரு தனி வன்பொருளே செய்தார்கள்! செய்தது இன்று பாஸ் லினக்ஸ் தயாரிக்கும் அதே சீ-டாக்.

இன்று வன்பொருள் வேண்டியதில்லை. பிளைமவுத் என்பது படம் வரையும் மென்பொருள். அதில் எழுத்தை வரைய பேங்கோ என்ற நூலகம் பயன்படுகிறது, தமிழ்க் கொம்பும் காலும் அதற்கு நன்றாகவே தெரியும். கணினி எழும் அந்தச் சில விநாடிகளில் தமிழை ஒழுங்காக எழுத வழியுள்ள இடம் படத் திரைதான். அந்த இடத்தில் போய் ஒரு லோகோவையும் சுற்றும் புள்ளிகளையும் போட்டு நிறுத்திக்கொண்டால் எப்படி?

ஆண்ட்ராய்டு போனில் இது கொஞ்ச காலம் நடந்தது. 2014ல் வந்த லாலிபாப்பில் சிஸ்டம் அப்டேட் ஆன பிறகு போனைப் போட்டால், மொத்தம் 143 ஆப்களில் 12வது ஆப் தயாராகிறது என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு எண்ணிக்கையோடு வரும். தமிழில் வைத்திருந்த போனில் தமிழிலேயே வரும். பத்து நிமிடம் ஆனாலும் யாரும் பேட்டரியைக் கழற்றவில்லை, எண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு 2016ல் அந்தக் காத்திருப்பே தேவையில்லாதபடி மாற்றிவிட்டார்கள், அறிவிப்பும் போய்விட்டது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை அதில். ஒரு எண்ணும் ஒரு வாக்கியமும்தான்.

மொழிபெயர்ப்பில் ஒரு எச்சரிக்கை வேண்டும். கர்னலின் செய்திகளை எல்லாம் தமிழாக்கம் செய்யக் கிளம்பினால் வீணாகப் போகும். அந்த ஆங்கில வரியை அப்படியே கூகுளில் போட்டால் உலகத்தில் எங்கோ ஒருவர் அதே பிரச்சினைக்குத் தீர்வு எழுதி வைத்திருப்பார். தமிழாக்கினால் அந்த வழி அடைபடும். அதனால் எஸ்கேப் தட்டினால் வரும் வரிகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். படத்தின் மேல் வர வேண்டியது ஐந்தாறு வாக்கியங்கள் மட்டும். "வட்டு சரிபார்க்கப்படுகிறது, 40 சதவீதம் முடிந்தது. மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்." "முன்பு இருந்த ஒரு வட்டைக் காணவில்லை, 90 விநாடி தேடப்படும்." "வட்டில் இடம் தீர்ந்துவிட்டது." "நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறது." அதற்குக் கீழே சின்னதாக, "விவரம் பார்க்க எஸ்கேப்." சூசே எஃப்2 என்று எழுதிக் காட்டிய அதே வேலை, தமிழில். கடைசி வரி ரொம்ப முக்கியம். பிளைமவுத்தில் எஸ்கேப் வேலை செய்கிறது என்பது லினக்ஸ் பயன்படுத்துகிற பலருக்கே தெரியாது, திரையில் யாரும் சொல்லவில்லை என்பதால். தெரியாத வசதியை 'விருப்பத் தேர்வு' என்று சொல்வது, நோட்டீஸ் ஒட்டாமல் ஏலம் விடுகிற மாதிரி.

சீ-டாக்கின் சென்னை அலுவலகம் தரமணி டைடல் பார்க்கில் இருக்கிறது. வானகரத்திலிருந்து பஸ் மாறிப் போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினிக் கருவி தருவதாக அறிவித்தது. அந்த ஐந்தாறு வாக்கியங்களை எழுதிப் பார்க்க ஒரு தமிழ் மாணவருக்கு ஒரு மதியம் போதும், கணினியில் சேர்க்க ஒரு பொறியாளருக்குச் சில நாட்கள் ஆகலாம்.

அதுவரைக்கும் செய்யக் கூடியவை சில. லினக்ஸ் என்றால் லோகோ வந்ததும் எஸ்கேப் தட்டிப் பாருங்கள். நிரந்தரமாக வரிகள் வேண்டும் என்றால் கிரப் அமைப்பில் "கொயட் ஸ்பிளாஷ்" என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு அப்டேட் செய்தால் சரி. விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் என்ற பகுதியில் "நோ ஜியூஐ பூட்" என்று ஒரு டிக் இருக்கிறது, ஆனால் அது படத்தை எடுக்குமே தவிரப் பெரிதாக எதையும் சொல்லாது. பழைய கேபினட் என்றால் பவர் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு உண்டு. ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போது விட்டுவிட்டு மினுக்கும். லோகோ எவ்வளவு நேரம் நின்றாலும் அந்த விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் பட்டனில் கை வைக்காதீர்கள்.